காலி டிரெய்லர்: ஒரு வரவு செலவுக் கணக்கு

அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் ஒரு லாரி, சரக்கையும் சேர்த்து அதிகபட்சம் 80,000 பவுண்டு எடையோடு ஓடலாம். அதாவது 36.3 டன். முன்பு 73,280 பவுண்டாக இருந்த வரம்பை 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அளவுக்கு உயர்த்தியது. படுக்கை வசதியுள்ள இழுவை லாரி ஏறக்குறைய 19,000 பவுண்டு எடை கொண்டது. 53 அடி நீளமுள்ள பெட்டி டிரெய்லர் காலியாக இருக்கும்போது சுமார் 14,000 பவுண்டு. இரண்டையும் பூட்டினால் 33,000 பவுண்டு, 15 டன். சட்ட வரம்பில் இது 41 சதவீதம்தான். காலி டிரெய்லரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இழுத்துச் செல்வது லேசான வேலை என்ற எண்ணம் இந்த 41 சதவீதத்திலிருந்து வருகிறது. எடை 59 சதவீதம் குறையும்போது செலவு எத்தனை சதவீதம் குறைகிறது என்று இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வேலையின் அமைப்பு எளிது. இழுவை லாரி மட்டும் ஓட்டுநருடையது, டிரெய்லர் வேறொருவருடையது. தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளருக்குப் போகும் புது டிரெய்லர், வாடகைக் காலம் முடிந்து திரும்பும் டிரெய்லர், ஒரு கிடங்கில் அதிகமாகத் தேங்கி இன்னொரு கிடங்கில் தட்டுப்பாடாக இருக்கும் டிரெய்லர் என்று இழுக்க வேண்டியவை பல வகை. 2023 ஜூலை இறுதியில் இயக்கத்தை நிறுத்திய எல்லோ என்ற லாரி நிறுவனத்திடம் சுமார் 12,000 இழுவை லாரிகளும் 35,000-க்கும் மேற்பட்ட டிரெய்லர்களும் இருந்தன. ஒரு லாரிக்கு ஏறத்தாழ 3 டிரெய்லர். லாரி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்ற டிரெய்லர்களில் சரக்கை ஏற்றவும் இறக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகவே இந்த விகிதம். எங்கெல்லாம் டிரெய்லர்கள் லாரிகளைவிட மும்மடங்கு உள்ளனவோ, அங்கெல்லாம் அவற்றில் சில தவறான ஊரில் நிற்கும்.

புது டிரெய்லர்களின் வரத்து சீராக இல்லை. இந்தியானா மாநிலம் லஃபயெட் நகரில் இயங்கும், டிரெய்லர் தயாரிக்கும் வாபாஷ் நிறுவனத்தின் வருவாய் 2023-ல் சுமார் 254 கோடி டாலர்; 2024-ல் சுமார் 195 கோடி டாலர். ஒரே ஆண்டில் 23 சதவீதச் சரிவு. டிரெய்லர் விற்பனை குறைந்தால் இழுத்துச் செல்லும் வேலையும் குறையும்; லாரிகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் குறைவதில்லை. வாடகை பேசும்போது யார் கை ஓங்கியிருக்கும் என்பதற்கு இந்த 23 சதவீதம் ஓரளவு விளக்கம் தரும்.

செலவுக்கு வருவோம். ஏ.டி.ஆர்.ஐ. எனப்படும் அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு மைல் ஓட்டத்துக்கான சராசரிச் செலவைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2024-ஆம் ஆண்டுக்கு அது 2.260 டாலர். ஒரு மைல் என்பது 1.609 கிலோமீட்டர். இந்தத் தொகையில் ஓட்டுநர் ஊதியம் 0.798 டாலர், ஓட்டுநருக்கான பிற சலுகைகள் 0.197, டீசல் 0.481, லாரி மற்றும் டிரெய்லர் தவணை 0.390, பழுதுபார்ப்பும் பராமரிப்பும் 0.198, காப்பீடு 0.102 டாலர். டயர், சுங்கம், உரிமக் கட்டணங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து மீதி 0.094 டாலர். எடையோடு நேரடியாக ஏறி இறங்கும் பெரிய இனம் டீசல் ஒன்றே. அதன் பங்கு 21.3 சதவீதம். தவணைக்கும் காப்பீட்டுக்கும் டிரெய்லருக்குள் சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. சுங்கச்சாவடிகள் பெரும்பாலானவற்றில் அச்சுகளை எண்ணித்தான் கட்டணம். காலியாக இருந்தாலும் 5 அச்சு 5 அச்சுதான். டயரும் பிரேக்கும் லேசான சுமையில் கொஞ்சம் குறைவாகத் தேயும். அந்தச் சேமிப்பு ஒரு மைலுக்குச் சில்லறைச் சென்ட்டுகளைத் தாண்டாது என்பதால் கீழ்வரும் கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை.

டீசலிலும் முழுப் பங்கும் எடையைச் சார்ந்ததில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் இயந்திரத்தின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. காலிப் பெட்டியின் முகப்பும் நிறைந்த பெட்டியின் முகப்பும் ஒரே அளவு. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் ஓட்ட அளவுகள் இவை: சரக்கோடு ஒரு காலனுக்கு 6.5 மைல், காலி டிரெய்லரோடு 8 மைல், டிரெய்லர் எதுவும் பூட்டாத வெறும் ஓட்டத்தில் 9.5 மைல். லிட்டர் கணக்கில் முறையே 2.76, 3.40, 4.04 கிலோமீட்டர். இவை அனுமானங்கள், லாரியின் வயது, வேகம், நிலப்பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். 2024-ல் அமெரிக்காவின் சராசரி டீசல் விலை காலனுக்கு 3.76 டாலர். அந்த விலையில் ஒரு மைலுக்கான டீசல் செலவு சரக்கோடு 57.8 சென்ட், காலி டிரெய்லரோடு 47.0 சென்ட், வெறும் ஓட்டத்தில் 39.6 சென்ட். எடை 59 சதவீதம் குறைந்ததற்கு டீசல் குறைந்தது 19 சதவீதம். பணமாகச் சொன்னால் மைலுக்கு 10.8 சென்ட். மொத்தச் செலவான 2.260 டாலரோடு ஒப்பிட்டால் அது 4.8 சதவீதம்.

ஆக, வாடகையில் மைலுக்கு 11 சென்ட்டுக்கு மேல் குறைத்துக்கொண்டு காலி டிரெய்லரை இழுப்பவர், எடை குறைவால் கிடைக்கும் சேமிப்பை முழுவதும் டிரெய்லர்காரருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் தன் பையிலிருந்து கொடுக்கிறார்.

டீசல் நீங்கலான செலவுகள் 2022 முதல் 2024 வரை ஏறுமுகமாக இருந்தன. ஏ.டி.ஆர்.ஐ. கணக்கில் அவை 2022-ல் மைலுக்கு 1.610 டாலர், 2023-ல் 1.717, 2024-ல் 1.779. இரண்டு ஆண்டுகளில் 10.5 சதவீத உயர்வு. டீசல் மட்டும் 0.641-லிருந்து 0.481 டாலருக்கு இறங்கியதால் மொத்தச் செலவு 2.251, 2.270, 2.260 என்று ஏறக்குறைய நிலையாகத் தெரிகிறது. தவணை இனத்தைத் தனியே பார்த்தால் 0.331-லிருந்து 0.390 டாலராக, 17.8 சதவீதம் ஏறியிருக்கிறது. டீசல் விலை திரும்ப ஏறினால் இந்த மறைந்த உயர்வு முழுவதும் வெளியே வரும். மறுபக்கம், பெட்டி டிரெய்லர்களுக்கான உடனடிச் சந்தை வாடகை 2022 தொடக்கத்தில் மைலுக்கு 3 டாலரை எட்டியிருந்தது. 2023, 2024 ஆண்டுகளில் 2 டாலரை ஒட்டியே நின்றது. அதுவும் டிரெய்லர், டீசல் இரண்டையும் உள்ளடக்கிய வாடகை.

இனி ஒரு பயணக் கணக்கு. லஃபயெட்டிலிருந்து ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவுக்குச் சுமார் 600 மைல், 966 கிலோமீட்டர். ஒரு புது டிரெய்லரை அங்கே சேர்க்க மைலுக்கு 1.80 டாலர் பேசியதாக வைத்துக்கொள்வோம். வரவு 1,080 டாலர். லாரிக்குத் தவணை முடிந்துவிட்டது என்று ஓட்டுநருக்குச் சாதகமாகவே கொள்வோம். அப்போது ஊதியமும் சலுகைகளும் டீசலும் தவணையும் நீங்கலான செலவு மைலுக்கு 39.4 சென்ட். போகும்போது டீசலுக்கு 282 டாலர். அட்லாண்டாவில் டிரெய்லரைக் கழற்றிய பின் கையில் இருப்பது இழுவை லாரி மட்டுமே. அதை அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்தால் இன்னும் 600 மைல், டீசல் 237.50 டாலர். ஓடிய தூரம் 1,200 மைல். பிற செலவு 472.80 டாலர். மொத்தச் செலவு 992.30 டாலர். மீதி 87.70 டாலர்.

இந்த 87.70 டாலருக்கு எத்தனை மணி நேரம்? சராசரி வேகம் மணிக்கு 55 மைல் என்றால் 1,200 மைலுக்கு 21.8 மணி நேரம். ஒரு மணிக்கு 4.02 டாலர். கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலை முதல் மாறவில்லை. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் 4.02 டாலர் குற்றமாகாது. ஆனால் 2 நாள் வீட்டைவிட்டு வெளியே இருந்து, லட்சம் டாலர் மதிப்புள்ள இயந்திரத்தையும் பிறருடைய டிரெய்லரையும் பொறுப்பேற்று ஓட்டியவருக்கு இது கூலி என்று ஏற்க முடியவில்லை. டிரெய்லரைப் பூட்டும் நேரம், சோதிக்கும் நேரம், ஒப்படைக்கும் நேரம் எதுவும் இந்த 21.8 மணியில் சேரவில்லை. சட்டப்படி ஒரு பணிநாளில் ஓட்டக்கூடியது 11 மணி நேரம். 600 மைலுக்குத் தேவை 10.9 மணி நேரம். வழியில் ஒரு நெரிசல் வந்தாலே பயணம் மூன்றாம் நாளுக்குத் தாவிவிடும்.

தவணை இருக்கும் லாரி என்றால் மேலும் 468 டாலர் செலவு. மீதி போய் 380.30 டாலர் நட்டம் நிற்கும். ஏ.டி.ஆர்.ஐ. தரும் 0.390 டாலரில் டிரெய்லர் தவணையும் அடங்கியிருப்பதால் அதற்காக 6 சென்ட் கழித்துப் பார்த்தாலும் நட்டம் 308 டாலர். இரண்டு கணக்கிலும் ஓட்டுநரின் ஊதியம் சுழியம்.

இதே பயணத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். அட்லாண்டாவில் டிரெய்லரை விட்ட பின் 100 மைல் வெறும் ஓட்டமாகப் போய், சரக்கு ஏற்றி நிற்கும் வேறொரு டிரெய்லரைப் பூட்டி 550 மைல் வடக்கே கொண்டுவருகிறார். வாடகை மைலுக்கு 2.00 டாலர். வரவு 1,080-உம் 1,100-உம் சேர்ந்து 2,180 டாலர். ஓடிய தூரம் 1,250 மைல், முந்தையதைவிட 50 மைல்தான் அதிகம். டீசல் 639.70 டாலர், பிற செலவு 492.50 டாலர். மீதி 1,047.80 டாலர். முந்தைய பயணத்தின் மீதியைப்போல் 12 மடங்கு. மணிக் கணக்கில் 46 டாலர். தவணை உள்ள லாரியாக இருந்தாலும் 560.30 டாலர் நிற்கும். காலி டிரெய்லருக்கான வாடகை இரண்டு பயணங்களிலும் அதே 1.80 டாலர்தான். இரண்டையும் பிரித்த 960 டாலர் திரும்பும் லோடிலிருந்து வந்தது.

வாடகையை மைலுக்கு 10 சென்ட் உயர்த்திக் கேட்டு வாங்கினால் 600 மைலுக்குக் கிடைப்பது 60 டாலர். 960 டாலரோடு இதை ஒப்பிட்டால், பேரத்தில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பது தெரியும். டிரெய்லர் போய்ச்சேரும் ஊரிலிருந்து சரக்கு கிளம்புகிறதா என்பதே முதல் கேள்வி. அட்லாண்டா போன்ற பெரிய கிடங்கு நகரமும், சரக்கு வருவது மட்டும் நடக்கும் சிற்றூரும் மைல் கணக்கில் சமமாக இருக்கலாம். வரவு கணக்கில் சமமில்லை.

திரும்பும் வெறும் ஓட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதையும் கணக்கிடலாம். தவணையற்ற லாரியில், 600 மைல் காலி டிரெய்லர் ஓட்டம் முடியும்போது மீதி 561.60 டாலர். அதன் பிறகான ஒவ்வொரு வெறும் மைலும் 79 சென்ட்டைத் தின்னும். 100 மைல் வெறுமனே ஓடினால் மீதி 483 டாலர்; 300 மைல் ஓடினால் 325; 711 மைலில் சுழியம். ஓட்டுநர் தன் உழைப்புக்கும் ஏ.டி.ஆர்.ஐ. காட்டும் 0.798 டாலர் ஊதியத்தை, ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் எடுத்துக்கொள்ள விரும்பினால் கணக்கு மிகவும் இறுகுகிறது. வாடகை கிடைக்கும் ஒவ்வொரு 100 மைலுக்கும் 8.7 மைலுக்கு மேல் வெறுமனே ஓட முடியாது. மொத்த ஓட்டத்தில் அது 8.0 சதவீதம். 2024-ல் ஏ.டி.ஆர்.ஐ. கணக்கெடுத்த நிறுவனங்களின் சராசரி வருவாயற்ற ஓட்டம் 16.7 சதவீதம்; அதற்கு முந்தைய ஆண்டில் 16.3 சதவீதம். சரக்குத் திட்டமிடலுக்கென்றே ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்களே 16.7 சதவீதத்தில் நிற்கும்போது, ஒற்றை லாரிக்காரர் 8.0-இல் நிற்பது அரிது. லஃபயெட் பயணத்தின் முதல் வடிவத்தில் அந்த விகிதம் 50 சதவீதம்.

1980-க்கு முன் இந்த வெறும் ஓட்டத்தில் ஒரு பகுதி சட்டத்தாலேயே உண்டானது. எந்த வழியில் எந்தச் சரக்கை ஏற்றலாம் என்பதை அரசு உரிமம் வரையறுத்ததால், திரும்பும் வழியில் சரக்கு இருந்தும் ஏற்ற முடியாத நிலை இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. இன்று தடுப்பது சட்டம் அல்ல. டிரெய்லர் சேரும் இடமும் அடுத்த டிரெய்லர் நிற்கும் இடமும் பொருந்தாமை.

டிரெய்லர் வாங்க வேண்டியதில்லை என்பது இவ்வேலையின் பெரிய கவர்ச்சி. அந்தச் சேமிப்பின் அளவு என்ன? 40,000 டாலர் விலையுள்ள பெட்டி டிரெய்லரை 7 ஆண்டுகள் பயன்படுத்துவதாகக் கொண்டால், வட்டி நீங்கலாக ஆண்டுக்கு 5,714 டாலர். ஆண்டுக்கு 1 லட்சம் மைல் ஓடினால் மைலுக்கு 5.7 சென்ட். அதே 5,714 டாலரை மைலுக்கு 79 சென்ட் செலவாகும் வெறும் ஓட்டத்தால் வகுத்தால் 7,233 மைல். சொந்த டிரெய்லர் இல்லாத காரணத்தால் ஆண்டின் மொத்த ஓட்டத்தில் 7.2 சதவீதம் அளவுக்கு வெறும் ஓட்டம் கூடினாலே சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். சொந்த டிரெய்லர் வைத்திருப்பவர் இறக்கிய இடத்திலிருந்து எந்தப் பெட்டிச் சரக்கையும் ஏற்றலாம். இழுவை லாரி மட்டும் வைத்திருப்பவர் இன்னொரு டிரெய்லர் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். வட்டி, டிரெய்லர் டயர், டிரெய்லர் பழுது ஆகியவற்றைச் சேர்த்தால் சேமிப்பு 5.7 சென்ட்டைவிட உயரும் என்பதும் உண்மை. எப்படிக் கூட்டினாலும் அது 79 சென்ட்டின் அருகில் வராது.

வரவுப் பக்கத்தில் இவ்வேலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சரக்கு ஏற்றவும் இறக்கவும் கிடங்கு வாசலில் காத்திருக்கும் தொல்லை இதில் கிடையாது. ஏ.டி.ஆர்.ஐ. வெளியிட்ட ஆய்வின்படி 2023-ல் லாரிகள் நின்ற இடங்களில் 39.3 சதவீதத்தில் ஓட்டுநர்கள் அளவுக்கு மீறிக் காக்கவைக்கப்பட்டார்கள். தொழில்துறைக்கு நேரடி இழப்பு 360 கோடி டாலர். வீணான உழைப்பு நேரத்தின் மதிப்பு 1,150 கோடி டாலர். காலி டிரெய்லரைக் கழற்றி, படம் எடுத்து, கையெழுத்து வாங்க அவ்வளவு நேரம் ஆகாது. பணி தொடங்கிய பின் லாரி ஓட்டக்கூடிய கால வரம்பு 14 மணி நேரம். அதில் 3 மணி நேரம் கிடங்கு வாசலில் போகாமல் மிஞ்சினால் 165 மைல் ஓட்டத்துக்குச் சமம். மைல் வாடகையை மட்டும் பார்த்து இவ்வேலையை ஒதுக்குபவர்கள் இந்த இனத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த 165 மைலுக்கும் வாடகை இருந்தால்தான் இது வரவு.

பழைய டிரெய்லர்களை இழுக்கும்போது வேறொரு எண் குறுக்கே வருகிறது: 23 சதவீதம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் 72 மணி நேரம் நடக்கும் சாலைச் சோதனையில் 2024 மே மாதம் 48,761 வாகனச் சோதனைகள் நடந்தன. சோதித்த வாகனங்களில் 23 சதவீதம் அங்கேயே ஓட்டத் தடை பெற்றன. ஓட்டுநர்களில் தடை பெற்றவர்கள் 4.8 சதவீதம். முந்தைய ஆண்டில் இவை 19.0 மற்றும் 5.5 சதவீதம். வாகனக் குறைகளில் முன்னணியில் நிற்பது பிரேக். மாதக்கணக்கில் ஒரு வளாகத்தில் நின்ற டிரெய்லரை இழுத்துப் புறப்படுபவர், அதன் 8 டயரையும் பிரேக்கையும் விளக்கையும் தானே சோதித்தாக வேண்டும். டிரெய்லர் டயரின் வரிப்பள்ளம் ஓர் அங்குலத்தில் 32-இல் 2 பங்குக்குக் குறையக் கூடாது. ஆண்டுச் சோதனைச் சான்று 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். சாலையில் பிடிபட்டால் குறை பதிவாவது டிரெய்லரை இழுத்த நிறுவனத்தின் பெயரில். கப்பல் பெட்டகங்களைச் சுமக்கும் சட்டகங்களுக்கு மட்டும் தனி விதி உண்டு. புது டிரெய்லர் இந்த விஷயத்தில் நிம்மதி. பழையதற்கும் புதியதற்கும் ஒரே வாடகை பேசுவது சரியான கணக்கு ஆகாது.

காற்றும் கணக்கில் வர வேண்டும். நிறைந்த டிரெய்லரின் எடை 61,000 பவுண்டு வரை போகும். காலி டிரெய்லர் 14,000. பக்கவாட்டுப் பரப்பு இரண்டுக்கும் ஒன்றே, சுமார் 480 சதுர அடி. வயோமிங் மாநிலத்தின் இன்டர்ஸ்டேட் 80-இல் பலத்த காற்று வீசும்போது உயரமான லேசான வாகனங்களுக்கு மட்டும் சாலையை மூடுவது வழக்கமான நிகழ்வு. காலி டிரெய்லர் இழுப்பவர் அங்கே நிற்க வேண்டும்; நிறைந்த டிரெய்லர் இழுப்பவர் போய்விடுவார். மைலுக்கு 0.390 டாலர் தவணை என்பது 1 லட்சம் மைல் ஓட்டத்தில் ஆண்டுக்கு 39,000 டாலர், நாளுக்கு 107 டாலர். காற்று அடங்கக் காத்திருக்கும் நாளிலும் அந்த 107 டாலர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அரசுக் கட்டணங்கள் சிறியவை. சொந்தப் பெயரில் இயக்க உரிமம் பெற ஒருமுறைக் கட்டணம் 300 டாலர். மாநிலங்களுக்கிடையே ஓடுவோருக்கான ஆண்டுப் பதிவு, 2 வண்டி வரை வைத்திருப்பவருக்கு 2025-ல் 46 டாலர். கனரக வாகன வரி, 75,000 பவுண்டுக்கு மேல் எடை அறிவித்த லாரிக்கு ஆண்டுக்கு 550 டாலர். 55,000 பவுண்டுக்குக் கீழே இந்த வரி கிடையாது. காலி டிரெய்லர் மட்டுமே இழுப்பதாக அறிவித்தால் 550 டாலர் மிஞ்சும். அப்படி அறிவித்தவர் திரும்பும் வழியில் கனமான சரக்கைத் தொட முடியாது; மேலே கண்ட ஒரே ஒரு திரும்பும் லோடின் மதிப்பு 960 டாலர். டீசலில் அடங்கிய கூட்டாட்சி வரி காலனுக்கு 24.4 சென்ட், 1993 முதல் மாறாத விகிதம். லஃபயெட் பயணத்தின் 138 காலனுக்கு அது 33.70 டாலர்.

காப்பீடு அப்படிச் சிறியதல்ல. பொதுச் சரக்கு இழுக்கும் லாரிக்குக் கூட்டாட்சி விதி கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7,50,000 டாலர்; 1985 முதல் அதே தொகை. சரக்குத் தரகர்கள் நடைமுறையில் 10 லட்சம் டாலர் கேட்கிறார்கள். இதோடு பிறருடைய டிரெய்லருக்கு ஏற்படும் சேதத்துக்கான தனிக் காப்பீடும் வேண்டும். ஆண்டுக் கட்டணம் 12,000 டாலர் என்று கொண்டால், 1 லட்சம் மைல் ஓடுபவருக்கு மைலுக்கு 12 சென்ட். வேலை குறைந்து 60,000 மைல் ஓடுபவருக்கு 20 சென்ட். ஏ.டி.ஆர்.ஐ. சராசரியான 10.2 சென்ட்டைவிட இது 9.8 சென்ட் அதிகம். 1,200 மைலுக்கு 117.60 டாலர். முதல் பயணத்தில் மிஞ்சிய 87.70 டாலர் இதிலேயே மூழ்கிவிடும். பெரிய நிறுவனம் ஒன்றோடு லாரியைக் குத்தகையாக இணைத்துக்கொண்டால் பொறுப்புக் காப்பீடு நிறுவனத்தின் பெயரில் போகும். அதற்கு ஈடாக வாடகையில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதற்கும் விலை உண்டு. குத்தகையில் ஓடுபவருக்கு, ஆவணங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. தரகர் மூலம் ஓடுபவர் ஒரு மாதம் காத்திருக்க நேரலாம். காத்திருக்க முடியாதவர் பில்லை ஃபாக்டரிங் நிறுவனத்திடம் கொடுத்து உடனே பணம் வாங்குகிறார். அதற்கு 3 சதவீதம் கழிவு என்றால் 1,080 டாலரில் 32.40 டாலர். வாடகையில் 3 சதவீதமாகத் தெரிவது, மிஞ்சிய 87.70 டாலரில் 37 சதவீதம். தரகரே பணம் தராமல் போனால் அவர் கட்டிய பிணையிலிருந்து கேட்கலாம். 2013 அக்டோபரில் அந்தப் பிணை 10,000 டாலரிலிருந்து 75,000 டாலராக உயர்ந்தது. 1,080 டாலர் பயணங்களாகக் கணக்கிட்டால் 69 பயணம். ஒரு தரகரிடம் நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களுக்குப் பாக்கி இருக்கலாம்.

டீசல் விலை ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய இழையில் நிற்கிறது என்பது புரியும். 2022 ஜூன் 20-ஆம் தேதி முடிந்த வாரத்தில் அமெரிக்கச் சராசரி விலை காலனுக்கு 5.81 டாலர். அந்த விலையில் லஃபயெட் பயணத்தின் டீசல் செலவு 283 டாலர் கூடும். தவணையற்ற லாரியிலும் 87.70 டாலர் மீதி 195 டாலர் நட்டமாக மாறும். அந்த ஆண்டு வாடகையும் உயர்ந்திருந்தது என்பதால் பலர் தப்பினார்கள். வாடகை 2 டாலரை ஒட்டி நிற்கும்போது டீசல் மட்டும் ஏறினால் அந்தத் தற்காப்பு இருக்காது. அமெரிக்க லாரி நிறுவனங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 10 அல்லது அதற்கும் குறைவான லாரிகளை வைத்திருப்பவை. இந்த நட்டத்தைப் பரப்பிக்கொள்ள அவர்களிடம் வேறு லாரி அதிகம் இல்லை.

திரும்பும் லோடு கிடைக்காது என்று தெரிந்தே அனுப்பப்படும் பயணத்துக்கு நியாயமான வாடகை எவ்வளவு? தவணை உள்ள லாரிக்கு, ஊதியம் சேர்க்காமல், 1,460 டாலர் செலவை 600 மைலால் வகுத்தால் மைலுக்கு 2.43 டாலர். ஏ.டி.ஆர்.ஐ. காட்டும் ஊதியத்தையும் சலுகைகளையும் இரு வழிக்கும் சேர்த்தால் 4.42 டாலர். இந்தச் சந்தையில் யாரும் 4.42 டாலர் தரமாட்டார்கள். அதைவிட எளிய ஒரு வழி, திரும்பும் வெறும் ஓட்டத்துக்கு மைலுக்கு 79 சென்ட் என்று தனியே எழுதிக்கொள்வது. அது செலவை மட்டும் ஈடுசெய்யும். அதில் லாபம் இல்லை. 600 மைலுக்கு 474 டாலர். தவணையற்ற லாரி ஓட்டுநருக்கு அப்போது மீதி 562 டாலர் நிற்கும், மணிக்கு 4.02 டாலராக இருந்தது 25.74 டாலராகும். டிரெய்லர் வாங்குபவருக்கு இந்த 474 டாலர், 40,000 டாலர் விலையில் 1.2 சதவீதம். அதே டிரெய்லருக்கு அவர் கட்டும் 12 சதவீதக் கூட்டாட்சிக் கலால் வரி 4,800 டாலர்.